என்டொலே: வேதத்தில் ‘கற்பனை’ என்ற சொல்லைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இதைப் படிக்க உங்களுக்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டாம். பழைய திருப்புதல் வேதாகமம் ஒன்று, கிடைத்தால் பக்கத்தில் திருவிவிலியம், ஒரு நோட்டு, இரண்டு நிறத்தில் பென்சில், இன்டர்நெட் உள்ள ஒரு போன். இவ்வளவு போதும். தினம் அரை மணி நேரம் என்று ஒரு வாரம் உட்கார்ந்தால், புதிய ஏற்பாட்டில் ‘கற்பனை’ என்று வாசிக்கிற இடங்களுக்குப் பின்னால் நிற்கும் என்டொலே என்ற கிரேக்கச் சொல் உங்களுக்குப் பழகிவிடும்.

வேதபாடத்தில் ‘கற்பனை’ என்று சொன்னதும் இரண்டு விதமான முகங்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்த மாதிரி ஒரு பயம். சிலர், அதெல்லாம் மோசே காலத்தோடு முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு பேரும் அந்தச் சொல்லில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்: யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குத்தான்.

முதல் படி: தமிழ்ச் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “அக்கா, கற்பனைன்னா மனசுல நினைச்சுப் பாக்குறதுதானே? அப்போ கடவுள் மோசேகிட்ட பத்துக் கதை சொன்னாரா?” நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் அவன் படித்த ‘கற்பனை’ அதுதான். கவிஞரின் கற்பனை, கற்பனைக் கதை.

வேதாகமத் தமிழில் அது வேறு பொருளில் வருகிறது. கற்பித்தல் என்றால் இன்று பாடம் சொல்லித்தருவது. பழைய வழக்கில் கட்டளையிடுவதும் கற்பித்தல்தான். சாட்சி வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. யாத்திராகமம் 39, 40 அதிகாரங்களைத் திறந்தால் ‘கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே’ என்று திரும்பத் திரும்ப வரும். கர்த்தர் அங்கே வகுப்பு எடுக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தை இப்படிச் செய் என்று சொல்லியிருந்தார், அவர்கள் அப்படியே செய்தார்கள். அப்படிக் கற்பிக்கப்பட்டதுதான் கற்பனை. 1871-இல் போவர் ஐயர் தலைமையிலான குழு முடித்த மொழிபெயர்ப்பையே நாம் பழைய திருப்புதல் என்று இன்றும் வாசிக்கிறோம். அதனால் அந்தக் காலத்துப் பொருளும் நம்மோடு வருகிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘கட்டளை’ என்று போட்டுவிடுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள். உங்களோடு சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கிரேக்கச் சொல்லைக் காதிலும் கண்ணிலும் ஏற்றுங்கள்

என்-டொ-லே. அழுத்தம் கடைசி அசையில். இன்றைய கிரேக்கர்கள் ‘எண்டொலீ’ என்பதுபோல் சொல்வார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் சரி. இது பெயர்ச்சொல். ‘கட்டளையிடு’ என்ற வினை என்டெல்லோமை.

ஜேம்ஸ் ஸ்டிராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஒரு எண் கொடுத்தார். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. என்டொலேயின் எண் 1785, வினையின் எண் 1781. பைபிள் ஹப், ப்ளூ லெட்டர் பைபிள் போன்ற தளங்களில் கிரேக்க எண் 1785 என்று தேடினால், அந்தச் சொல் வரும் வசனங்கள் வரிசையாக வந்துவிடும். தளத்தில் வசனம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு தமிழ் வேதாகமத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரு பட்டியலில் 71 முறை என்றும் இன்னொன்றில் 67 முறை என்றும் இருக்கும். பழைய அச்சுப் பதிப்பை வைத்து எண்ணினால் 71. இன்று அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே–ஆலண்ட் பதிப்பில் 67. நான் இரண்டாவதை வைத்தே சொல்கிறேன்.

மூன்றாம் படி: யோவானில் பத்து இடத்தில் கோடு போடுங்கள்

67 இடத்தையும் ஒரே நாளில் பார்க்க உட்காராதீர்கள், சலித்துவிடும். யோவானில் தொடங்குங்கள். சுவிசேஷத்தில் 10, முதல் நிருபத்தில் 14, இரண்டாம் நிருபத்தில் 4, ஆக 28 முறை. அந்தச் சின்ன இரண்டாம் நிருபத்தில் மொத்தமே 13 வசனம், அதில் நான்கு முறை!

சுவிசேஷத்தில் வரும் இடங்கள் இவை: 10:18, 11:57, 12:49, 12:50, 13:34, 14:15, 14:21, 15:10-இல் இரண்டு, 15:12. பழைய திருப்புதலில் இவற்றைத் திறந்து, ‘கட்டளை’ என்று வந்தால் நீலத்திலும் ‘கற்பனை’ என்று வந்தால் சிவப்பிலும் கோடு போடுங்கள்.

என்ன தெரிகிறது? 13-ஆம் அதிகாரம் வரை எல்லாம் நீலம். 14-இலிருந்து எல்லாம் சிவப்பு. கிரேக்கத்தில் பத்தும் ஒரே சொல்.

நான் முதல் தடவை இப்படிக் கோடு போட்ட பிறகு வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 10:18-இல் இயேசு தம் ஜீவனைக் கொடுப்பதைப் பற்றிப் பேசி, ‘இந்தக் கட்டளையை என் பிதாவினிடத்தில் பெற்றுக்கொண்டேன்’ என்கிறார். 12:50-இல் பிதாவின் ‘கட்டளை நித்தியஜீவனாயிருக்கிறது’ என்கிறார். 14:15-இல் சீஷர்களைப் பார்த்து, ‘நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்கிறார். தமிழில் மட்டும் வாசித்தால் பிதா குமாரனுக்குக் கொடுத்தது ஒன்று, குமாரன் நமக்குக் கொடுத்தது வேறொன்று என்று தோன்றும். கிரேக்கத்தில் வாசித்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. தாம் வாங்கிய சொல்லைத்தான் அவர் கொடுக்கிறார்.

மொழிபெயர்த்தவர்கள் மேல் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தமிழில் இரண்டும் ஒரே பொருள் தந்ததால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று நமக்கு அவை விலகிப்போனதால்தான் பென்சில் தேவைப்படுகிறது.

13:34-இல் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்’ என்கிற ‘புதிதான கட்டளை’ அங்கேதான் வருகிறது. லத்தீன் வேதாகமத்தில் இந்த என்டொலேக்கு ‘மந்தாத்தும்’ என்று போட்டார்கள். பெரிய வியாழனுக்கு ஆங்கிலத்தில் மாண்டி தர்ஸ்டே என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். அன்றைக்கு ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். அதே இராத்திரியில், அதே மேஜையில், கால் கழுவின ஈரம் காயும் முன்னே சொன்னது இந்தக் கட்டளை. அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

நான்காம் படி: ஏமாற்றும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் ‘கட்டளை’ அல்லது ‘கற்பனை’ என்று வந்தாலே என்டொலே என்று எண்ணிவிடக் கூடாது. புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் வாசிக்கும் லூக்கா 2:1-இல் ‘அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது’. அது டோக்மா, அரசு ஆணை. 1 தீமோத்தேயு 1:5-இல் ‘கற்பனையின் பொருள் என்னவெனில்’ என்று வருவது பரங்கெலியா. 1 கொரிந்தியர் 7:6-இல் பவுல் ‘கட்டளையாகச் சொல்லாமல், யோசனையாகச் சொல்லுகிறேன்’ என்பதில் இருப்பது எபிடகே.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மத்தேயு 15. மூன்றாம் வசனத்தில் ‘தேவனுடைய கற்பனை’, ஒன்பதாம் வசனத்தில் ‘மனுஷருடைய கற்பனைகள்’. தமிழில் ஒரே சொல். கிரேக்கத்தில் முதலாவது என்டொலே, இரண்டாவது என்டல்மா. ஒரே குடும்பத்துச் சொற்கள், ஆனால் இரண்டு. புதிய ஏற்பாட்டில் என்டல்மா மூன்றே இடத்தில் வருகிறது (மற்ற இரண்டும் மாற்கு 7:7, கொலோசெயர் 2:22). மூன்றிலும் மனிதர்கள் ஏற்படுத்தின விதிகளைப் பற்றித்தான் பேச்சு. இதைக் கண்டதும், ‘அப்படியானால் என்டொலே என்றாலே கடவுளுடையது’ என்று ஒரு சட்டம் போட மனம் ஓடும். ஓடவிடாதீர்கள். தீத்து 1:14-இல் ‘மனுஷருடைய கற்பனைகள்’ என்ற இடத்தில் என்டொலேதான் இருக்கிறது.

ஐந்தாம் படி: யார் கொடுத்தது, யாருக்கு?

சொல்லுக்குள்ளேயே பரிசுத்தம் கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்தப் படி பயன் தரும். என்டொலே அன்றாடச் சொல். அதிகாரம் உள்ள ஒருவர் இன்னொருவரிடம் ‘இதைச் செய்’ என்று ஒப்படைப்பது, அவ்வளவுதான். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணங்களில், தன் சார்பில் காரியம் பார்க்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் இந்தச் சொல் உண்டு. இன்றும் கிரீஸில் தேர்தலுக்குப் பிறகு ஆட்சி அமைக்க முயன்று பார்க்கும்படி குடியரசுத் தலைவர் கட்சித் தலைவரிடம் ஒப்படைக்கும் பொறுப்புக்கும் இதே சொல்தான்.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: வசனம், கொடுத்தவர், பெற்றவர். யோவான் 11:57-ஐ எழுதுங்கள். கொடுத்தவர்கள் பிரதான ஆசாரியரும் பரிசேயரும். இயேசு இருக்கும் இடம் தெரிந்தால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. அடுத்து அப்போஸ்தலர் 17:15. பவுல் அத்தேனேயில் நின்றுகொண்டு, சீலாவையும் தீமோத்தேயுவையும் சீக்கிரம் வரச் சொல்லி ஆட்களிடம் சொல்லியனுப்புகிறார். அதுவும் என்டொலே. பிறகு கொலோசெயர் 4:10-இல் மாற்குவைக் குறித்து அந்தச் சபைக்கு வந்திருந்த சொல். சொல் ஒன்றுதான், கொடுத்த கை மாற மாற அதன் எடையும் மாறுகிறது.

இப்போது லூக்கா 15:29. கெட்டுப்போன இளைய மகன் திரும்பி வந்துவிட்டான், வீட்டில் விருந்து. மூத்தவன் வாசலில் நின்று தகப்பனிடம் சொல்கிறான்: ‘ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்’ எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே. இங்கே இருப்பது என்டொலே. இத்தனை வருஷமும் தகப்பன் சொன்ன ஒன்றையும் அவன் மீறவில்லை. ஆனால் கொடுத்தவரை அவன் பார்க்கவே இல்லை. ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது’ என்று தகப்பன் சொல்லும்வரை அது அவனுக்குத் தெரியவில்லை. கொடுத்தவர் என்ற கட்டத்தை அவன் காலியாக விட்டிருந்தான். என்டொலேயைப் படிக்கும் யாரும் இந்த வசனத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆறாம் படி: நியாயப்பிரமாணமும் கற்பனையும்

நியாயப்பிரமாணம் என்பது நோமொஸ், முழுத் தொகுதி. என்டொலே அதிலுள்ள தனித்தனிக் கட்டளை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. ஆனாலும் தொடங்குகிறவர்களுக்கு நல்ல பிடிமானம்.

ரோமர் 7:7–13-இல் இதைச் சோதித்துப் பாருங்கள். 8 முதல் 13 வரை வசனத்துக்கு ஒரு முறை என்டொலே வருகிறது. பவுல் அங்கே எடுத்துக்கொள்வது ‘இச்சியாதிருப்பாயாக’ என்ற ஒரே கட்டளையை. அதனால்தான் 12-ஆம் வசனத்தில் நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளது என்று சொல்லிவிட்டு, கற்பனையும் பரிசுத்தமாயும் நீதியாயும் நன்மையாயும் இருக்கிறது என்று தனியாகச் சொல்கிறார்.

மத்தேயு 22:36-இல் நியாயசாஸ்திரி கேட்ட கேள்வியும் அப்படித்தான்: நியாயப்பிரமாணத்திலே எந்தக் கற்பனை பிரதானமானது? எண்ணிப் பார்க்க நிறைய இருந்தது. பின்னாளில் யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்மூத் 248 ‘செய்’, 365 ‘செய்யாதே’ என்று 613 கணக்குச் சொல்லும். இயேசு உபாகமம் 6:5-இலிருந்தும் லேவியராகமம் 19:18-இலிருந்தும் இரண்டை எடுத்து, மற்ற எல்லாம் இவற்றில் அடங்கும் என்றார்.

பழைய ஏற்பாட்டோடு இணைக்க ஒரு குறிப்பு. எபிரெயத்தில் மிட்ஸ்வா என்ற சொல்லுக்குத்தான் செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பெரும்பாலும் என்டொலே என்று போடுகிறது. சங்கீதம் 119-இல் நிறையப் பார்க்கலாம். ஆனால் நாம் ‘பத்துக் கற்பனைகள்’ என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் மிட்ஸ்வாவும் இல்லை, என்டொலேயும் இல்லை! யாத்திராகமம் 34:28-இல் எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ‘பத்து வார்த்தைகள்’ என்றுதான் இருக்கிறது. இதைக் கேட்கும் பலர் நம்பமாட்டார்கள். தமிழில் ‘கற்பனைகள்’ என்றே இருக்கும்; போனில் மூல வசனத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஏழாம் படி: ‘கைக்கொள்’ என்ற வினையையும் சேர்த்துப் படியுங்கள்

யோவானில் என்டொலே பெரும்பாலும் டேரெயோ என்ற வினையோடு வரும் (எண் 5083). தமிழில் ‘கைக்கொள்’. ‘கீழ்ப்படி’ என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் வரும்.

அதே யோவான் இந்த வினையை வேறு எங்கே பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். கானாவூர் கலியாணத்தில் பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனைக் கூப்பிட்டு, ‘நீரோ நல்ல ரசத்தை இதுவரைக்கும் வைத்திருந்தீரே’ என்கிறான் (2:10). அந்த ‘வைத்திருந்தீரே’ டேரெயோ. வீட்டில் நல்ல பொருளை எடுத்து, கெடாமல், கண்டபடி செலவாகாமல் பத்திரமாக வைப்போமே, அது. 17:12-இல் இயேசு சீஷர்களைப் பற்றிப் பிதாவிடம், நான் அவர்களைக் காத்துக்கொண்டேன் என்கிறார். அதுவும் டேரெயோ. அப்போஸ்தலர் 12:5-இல் பேதுரு சிறையில் ‘காக்கப்பட்டிருக்கையில்’ என்பதும் இதே வினை. கண் எடுக்காமல் காவல் இருப்பது.

இவற்றை மனதில் வைத்துக்கொண்டு 14:15-க்குத் திரும்புங்கள். பழைய திருப்புதலில் ‘கைக்கொள்ளுங்கள்’ என்று ஏவல். திருவிவிலியத்தில் ‘கடைப்பிடிப்பீர்கள்’ என்று எதிர்காலம். யாரும் தவறாக மொழிபெயர்க்கவில்லை. சில கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் டேரேசட்டே, சிலவற்றில் டேரேசெட்டே. நடுவில் ஒரே ஒரு உயிரெழுத்து வித்தியாசம். முதலாவது ‘காத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஏவல்; இரண்டாவது ‘காத்துக்கொள்வீர்கள்’. இன்றைய கிரேக்கப் பதிப்புகள் இரண்டாவதை எடுத்துக்கொள்கின்றன. அன்பு இருந்தால் இது நடக்கும் என்று சொல்லும் வாக்கு போல ஒலிக்கிறது அது. எனக்கு அந்த வாசிப்பு மனதுக்கு நெருக்கம். ஆனாலும் அடுத்த அதிகாரத்தில் ஏவல் வரத்தான் செய்கிறது: ‘என்னுடைய அன்பிலே நிலைத்திருங்கள்’ (15:9).

எட்டாம் படி: வேர்ச்சொல் ஆசையை அடக்குங்கள்

அகராதியில் ‘என்’ என்றால் உள்ளே, அப்புறம் ‘டெலொஸ்’ என்றால் இலக்கு என்று ஒரு குறிப்பைப் பார்ப்பீர்கள். உடனே ‘கற்பனை என்பது நமக்குள்ளே இருக்கும் இலக்கு’ என்று பிரசங்கம் கட்டத் தோன்றும். வேண்டாம். ஒரு சொல்லின் பொருள் அதைப் பேசினவர்கள் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது, உடைத்த துண்டுகளில் இல்லை. ‘கற்பனை’யை வேரிலிருந்து மட்டும் விளக்கப்போனால் அந்தப் பையனின் கேள்விக்குத்தான் திரும்பி வந்து நிற்போம்.

ஒன்பதாம் படி: ஒருமையா, பன்மையா?

கடைசி நாளை 1 யோவானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 14 இடத்திலும் ‘கற்பனை’யா ‘கற்பனைகளா’ என்று குறியுங்கள். 3:22-இல் பன்மை. அடுத்த வசனத்திலேயே ஒருமைக்கு வந்துவிடுகிறது: அவருடைய குமாரனாகிய இயேசுகிறிஸ்துவின் நாமத்தின்மேல் விசுவாசமாயிருந்து, ஒருவரிலொருவர் அன்பாயிருக்க வேண்டும் என்பதே அவருடைய கற்பனை. 3:24-இல் மறுபடி பன்மை. பல கட்டளைகள் ஒன்றாகச் சுருங்குவதும் ஒன்று பலவாக விரிவதும் யோவானுக்கு இயல்பு. 5:3-இல் ‘அவருடைய கற்பனைகள் பாரமானவைகளுமல்ல’ என்று அவர் எழுதுவதை இந்த இடத்தையும் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நோட்டை எடுத்து, மூன்று கட்டத்தில் யோவான் 15:10-ஐ எழுதுங்கள். ‘நான் என் பிதாவின் கற்பனைகளைக் கைக்கொண்டு அவருடைய அன்பிலே நிலைத்திருக்கிறதுபோல, நீங்களும் என் கற்பனைகளைக் கைக்கொண்டிருந்தால், என்னுடைய அன்பிலே நிலைத்திருப்பீர்கள்.’ இந்த ஒரு வசனத்துக்கு இரண்டு வரி வேண்டியிருக்கும். முதல் வரியில் கொடுத்தவர் பிதா, பெற்றவர் குமாரன். இரண்டாம் வரியில் கொடுத்தவர் குமாரன். பெற்றவர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.